மோட்டார் விபத்தும் நெசவாளர் குடும்பமும்

மோட்டார் வண்டி மோதி ஒரு குடும்பஸ்தர் மாண்டுபோனால் அவருடைய மனைவி மக்களுக்கு நஷ்டஈடு கேட்கும் உரிமை உண்டு என்பது இன்று ஏறக்குறைய எல்லோரும் அறிந்த விஷயம். ஆனால் அந்த நஷ்டஈட்டை எந்தக் கணக்கின்படி நிர்ணயிக்கிறார்கள், அந்தக் கணக்கின் தலையில் எழுதப்படும் முதல் எண் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்தவர்கள் மிகச் சிலரே. காஞ்சிபுரத்தைப் போன்ற ஊரில் இந்த அறியாமைக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுத்து வருபவர்கள் விதவைகளும் தகப்பனை இழந்த குழந்தைகளும். ஆகையால் இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

காஞ்சியின் சாலைகள் நம் பாட்டனார் அறிந்த சாலைகள் அல்ல. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் தேசீய நெடுஞ்சாலை நகரத்துக்கு வடக்கே இரவு பகல் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கிறது. வெள்ளைகேட்டிலும் பொன்னேரிக்கரையிலும் ஊருக்குள் திரும்புகிறவர்கள் கனரக லாரிகளின் நடுவே வழி தேடித் திரும்ப வேண்டும். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஆட்களை ஏற்றிச் செல்லும் தொழிற்சாலைப் பஸ்கள் வாலாஜாபாத் சாலையை நிறைக்கின்றன. கோயில்களுக்கு வரும் யாத்திரிகர்களின் வண்டிகளும், பட்டு வாங்க வரும் தனவந்தர்களின் கார்களும் வேறு. இவற்றினிடையே, தறியிலிருந்து அறுத்த சேலையைப் பையில் சுற்றி மாட்டிக்கொண்டு, இரு சக்கர வண்டியில் சங்கத்துக்கோ முதலாளி வீட்டுக்கோ போகிறார் பிள்ளையார்பாளையத்து நெசவாளர். 2022-ஆம் வருஷத்தில் இந்தியா முழுவதிலும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 17,884 பேர் தமிழ்நாட்டில் இறந்தவர்கள். அதாவது நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 49 பேர். அந்த வருஷம் விபத்துக்களின் எண்ணிக்கையில் எல்லா மாநிலங்களுக்கும் முன்னால் நின்ற பெருமையும் நம்முடையதே.

உயிருக்கு நஷ்டஈடு என்ற எண்ணம் ஆங்கிலேயருடைய சட்டத்தில் எளிதாகப் புகுந்துவிடவில்லை. 1808-ஆம் வருஷத்தில் லண்டனில் ஒரு வழக்கு நடந்தது. புருஷனும் மனைவியுமாக ஒரு குதிரைக் கோச்சின் மேல்தட்டில் பிரயாணம் செய்தார்கள். கோச்சு கவிழ்ந்தது, புருஷனுக்குக் காயம், மனைவி ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தாள். புருஷன் மதுக்கடை வைத்திருந்தவர். கடையை நடத்துவதில் தம் மனைவி பேருதவியாக இருந்தாள் என்று அவர் நிரூபித்தார். பிரதம நீதிபதி எல்லன்பரோ பிரபு என்ன சொன்னார்? மனிதன் ஒருவன் இறந்தது சிவில் கோர்ட்டில் முறையிடக்கூடிய நஷ்டமே அல்ல என்றார்! மனைவி காயத்தோடு உயிர் வைத்திருந்த அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் புருஷன் நஷ்டஈடு பெறலாம். அவள் மூச்சு நின்றதும் அவருடைய உரிமையும் நின்றது. கையை ஒடித்தவன் பணம் கொடுக்க வேண்டும், அடியோடு கொன்றுவிட்டால் கொடுக்க வேண்டியதில்லை என்பதே இதன் தாற்பரியம். கடையில் மனைவி உதவிய அந்த விஷயத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் காஞ்சித் தறிக்கு அருகில் அது மறுபடி வரும்.

ரயில்கள் பெருகி, ரயிலில் சாகிறவர்களும் பெருகிய பிறகுதான் இங்கிலாந்து விழித்துக்கொண்டது. 1846-ல் காம்ப்பெல் பிரபுவின் சட்டம் வந்தது. அதையே தழுவி, கும்பெனி ஆட்சி நடந்துகொண்டிருந்தபோதே, 1855-ல் இந்தியாவுக்கும் மரண விபத்துச் சட்டம் ஒன்று இயற்றினார்கள். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் நமது ராஜதானியின் முதல் ரயில் ஓடியது 1856-ல்தான். வண்டிக்கு முன்பே சட்டம் வந்து காத்திருந்தது என்று சொல்லலாம். ஆனால் அந்தச் சட்டம் மனைவி, புருஷன், பெற்றோர், பிள்ளைகள் ஆகிய இவர்களுக்கு மட்டுமே உரிமை கொடுத்தது. அதற்கும் சிவில் கோர்ட்டில் முறைப்படி தாவா போட்டு, எதிரியின் அஜாக்கிரதையை நிரூபித்து, தீர்ப்புக் கிடைத்த பின் எதிரியிடம் சொத்து இருந்தால் வசூலித்துக்கொள்ள வேண்டும். ஏழைக் குடும்பத்துக்கு அது காகிதத்தில் எழுதிய உரிமைதான். 1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் கட்டாய இன்ஷூரன்ஸை விதித்தது. யுத்தத்தின் காரணமாக அந்தப் பகுதி 1946 ஜூலை 1-ந் தேதிதான் அமலுக்கு வந்தது. சுதந்திரம் பெற்றபின், 1956-ல் செய்த திருத்தத்தினால், விபத்து வழக்குகளுக்கென்றே தனி டிரிப்யூனல்கள் ஏற்பட்டன.

தேரின் சக்கரத்தில் கன்று நசுங்கியபோது பசு மணியை அடித்ததாகவும், மனுநீதிச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்டதாகவும் நாம் குழந்தைகளுக்குக் கதை சொல்லுகிறோம். சென்னை ஹைக்கோர்ட்டு வளாகத்தில் அம்மன்னனுக்குச் சிலையும் உண்டு. முறையிட்ட பசுவிடம் உன் கன்றின் மாத வருமானம் என்ன என்று சோழன் கேட்கவில்லை. நாம் இக்காலத்தில் அதைக் கேட்டுத்தான் தீரவேண்டும். அதைத் தவறு என்று சொல்வதற்கில்லை. நியாயத்துக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அளவுகோலைப் பிடிக்கும் இடம் சரியாக இருக்க வேண்டும் என்பதுதான் நமது முறையீடு.

சட்டம் வளர்ந்த திசை நல்ல திசையே என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டுப் பஸ் கம்பெனி ஒன்றின் வண்டி இரவில் தாழத் தொங்கிய மின்சாரக் கம்பியில் மோதி 8 பேர் அந்த இடத்திலேயே மாண்டார்கள். டிரைவரைக் கிரிமினல் கோர்ட்டு விடுதலை செய்துவிட்டது, ஆகையால் நஷ்டஈடு இல்லை என்று கம்பெனி வாதாடியது. 1980-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஜஸ்டிஸ் வி. ஆர். கிருஷ்ணய்யர் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டார். கிரிமினல் கோர்ட்டில் வேண்டிய ருசு வேறு, இங்கே வேண்டிய ருசு வேறு. ஏதோ ஒரு சிறு சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டு டிரைவரும் முதலாளியும் தப்பிவிட டிரிப்யூனல்கள் இடம் கொடுக்கக் கூடாது என்பது அத்தீர்ப்பின் சாரம். 1987-ல், இறந்தவருடைய சகோதரரும் சட்டப்படி பிரதிநிதியாக நஷ்டஈடு கேட்கலாம் என்று அதே கோர்ட்டு சொல்லிற்று. 2021-ல், மருமகனோடு வசித்து அவரை நம்பியிருந்த மாமியாரும் கேட்கலாம் என்று கேரளத்து வழக்கு ஒன்றில் தீர்ப்பாயிற்று. ஆங்கிலேயன் எழுதிய நான்கு உறவுகளின் பட்டியலில் நம் நாட்டுக் கூட்டுக் குடும்பம் அடங்காது என்பதை நமது நீதிபதிகள் உணர்ந்திருக்கிறார்கள். கேட்ட தொகைக்கு மேற்பட்டே கொடுக்கவும் டிரிப்யூனலுக்கு அதிகாரம் உண்டு என்று 2002-ல் முடிவாயிற்று.

இனிக் கணக்குக்கு வருவோம். வக்கீல்கள் சரளா வர்மா வழக்கு என்று சொல்லும் 2009-ஆம் வருஷத்துத் தீர்ப்பும், ஐந்து நீதிபதிகள் கூடி 2017 அக்டோபரில் அளித்த பிரணய் சேத்தி வழக்குத் தீர்ப்பும் இன்று எல்லா டிரிப்யூனல்களுக்கும் வாய்ப்பாடாக இருக்கின்றன. இறந்தவருடைய வருமானத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் சொந்தத் தொழில் செய்தவராகவோ மாறாத சம்பளம் பெற்றவராகவோ இருந்து, வயது 40-க்குக் குறைவானால், வருங்கால விருத்திக்காக நூற்றுக்கு 40 சேர்க்க வேண்டும்; 40-லிருந்து 50-க்குள் 25; 50-லிருந்து 60-க்குள் 10. பிறகு, உயிரோடிருந்தால் அவர் தமக்கென்று செலவிட்டிருக்கக்கூடிய பங்கைக் கழிக்க வேண்டும்: அவரை நம்பியிருந்தவர்கள் இரண்டு மூன்று பேரானால் மூன்றில் ஒன்று, நான்கிலிருந்து ஆறு பேரானால் நான்கில் ஒன்று. மிஞ்சியதை வயதுக்குத் தக்க எண்ணால் பெருக்க வேண்டும். 25 வயது வரை அந்த எண் 18. படிப்படியாக இறங்கி 65-க்கு மேல் 5 ஆகிறது.

ஓர் உதாரணம் சொல்லுகிறோம். எண்கள் கணக்குக்காக நாமே வைத்துக்கொண்டவை. நெசவாளர் ஒருவருக்கு வயது 38. மனைவி, இரண்டு குழந்தைகள், வயதான தாயார். அவர் மாதம் 20,000 ரூபாய் சம்பாதித்தார் என்று கோர்ட்டு ஒப்புக்கொண்டால், வருஷத்துக்கு 2,40,000. நூற்றுக்கு 40 சேர்த்தால் 3,36,000. நாலில் ஒன்று கழித்தால் 2,52,000. அவ்வயதுக்கு உரிய 15-ஆல் பெருக்கினால் 37,80,000 ரூபாய். அதே மனிதருடைய வருமானத்துக்கு ருசு இல்லை, 12,000 என்று வைத்துக்கொள்வோம் என்று கோர்ட்டு முடிவு செய்தால், அதே வழியில் கிடைப்பது 22,68,000. வித்தியாசம் 15,12,000 ரூபாய்! சாட்சிக் கூண்டில் எவரும் பொய் சொல்லவில்லை. நீதிபதி பாரபட்சம் காட்டவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனி லஞ்சம் கொடுக்கவில்லை. ஒரு சீட்டு இல்லாத குறை, அவ்வளவுதான். மாதம் 8,000 ரூபாய்க்கு உரிய காகிதம் அந்த வீட்டுப் பெட்டியில் இருந்திருந்தால், இரண்டு குழந்தைகளின் படிப்பும் ஒரு தாயாரின் வைத்தியமும் அதில் அடங்கியிருக்கும்.

பாங்கி குமாஸ்தாவுக்குச் சம்பளச் சீட்டு உண்டு. ஒரகடத்துத் தொழிலாளிக்கும், ஒப்பந்தக்காரரின் ஆளாக இருந்தாலும், பெரும்பாலும் பாங்கிக் கணக்கில் கூலி வந்து விழுகிறது. நெசவாளருக்கு என்ன உண்டு? காமாட்சியம்மன், அறிஞர் அண்ணா, திருவள்ளுவர், முருகன் முதலிய பெயர்களைத் தாங்கிய பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் அங்கத்தினராக இருந்து, சங்கத்துக்கே நெய்கிறவர்களுக்குக் கணக்குப் புத்தகம் உண்டு. எடுத்த பட்டு, ஜரிகை, கொடுத்த சேலை, பெற்ற கூலி எல்லாம் அதில் ஏறும். தனி முதலாளிக்கு நெய்கிறவருக்கோ முதலாளியின் நோட்டுப் புத்தகம்தான் சாட்சி. முதலாளி கோர்ட்டுக்கு வந்து, ஆம், இவருக்கு இவ்வளவு கூலி கொடுத்தேன் என்று சொல்லத் தயங்குவார். தம்முடைய வியாபாரக் கணக்கு முழுவதும் வெளியே வந்துவிடுமே என்ற பயம் அவருக்கு. இறந்தவர் வாங்கியிருந்த முன்பணம் நிற்கிறதே என்ற கவலை வேறு. வருமானம் ஒரு மாதம் போல் ஒரு மாதம் இராது என்பதையும் மறக்கக் கூடாது. கோர்வைச் சேலை ஒன்று பத்து நாளிலும் முடியும், இருபது நாளும் இழுக்கும். ஐப்பசி மழையில் பாவு நீட்ட முடியாது. கல்யாண மாதங்களில் வேலை குவியும்.

ருசு இல்லாத இடத்தில் கோர்ட்டு ஊகத்தின் பேரில் ஓர் எண்ணை வைக்கிறது. அந்த ஊகத்துக்குத் துணையாகக் குறைந்தபட்சக் கூலி அறிவிப்பை எடுத்துக்கொள்வது வழக்கம். திறமையற்ற கூலியாள் ஒருவனுக்கு உரிய எண் காஞ்சித் தறிக்காரருக்கும் எழுதப்பட்டுவிடுகிறது. இது எவ்வளவு பெரிய அநீதி என்பதைத் தறியைப் பார்த்தவர்களே அறிவார்கள். உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் இருக்க, இரண்டும் பிரியாதபடி மூன்று நாடாக்களை வைத்துக் கோர்த்து நெய்யும் வித்தை ஒரு தலைமுறையில் வருவதல்ல. 2005-ல் சர்க்கார் புவிசார் குறியீடு அளித்து உலகத்துக்கு முன் பெருமை பேசிய வித்தை இதுதான். கடையில் சேலைக்குக் குறியீடு ஒட்டும்போது அது கலை. நெய்தவர் லாரியில் அடிபட்டு இறந்த பிறகு அது கூலி!

சட்டம் இந்த அநீதியை நிர்ப்பந்திக்கவில்லை என்பதே முக்கியம். 2008-ல் விபத்துக்குள்ளான கர்நாடகத்துக் காய்கறி வியாபாரி ஒருவருக்கு மாதம் 6,500 ரூபாய் வருமானம் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு நிர்ணயித்தது. தெருவில் காய்கறி விற்கிறவரிடம் போய் வருமானத்துக்கு எழுத்து மூலமான ருசு கேட்பது தகாது என்பதே அதற்குக் காரணம். 2021-ல் லாரி டிரைவர் ஒருவரின் குடும்பத்தார் தொடுத்த வழக்கில், சம்பளச் சீட்டு இல்லாதபோது குறைந்தபட்சக் கூலி ஓர் அளவுகோலாகலாம், ஆனால் அதுவே முடிந்த முடிவாகாது. இறந்தவர் செய்த தொழிலின் தன்மையைக் கொண்டு கோர்ட்டு ஊகிக்க வேண்டும் என்று சொல்லிற்று. ஆகவே, காஞ்சி நெசவாளரின் தொழில் எத்தகையது என்று டிரிப்யூனலுக்கு எடுத்துச் சொல்லும் சாட்சி வேண்டும். பக்கத்துத் தறிக்காரர் ஒருவர் தம்முடைய கூலிப் புத்தகத்தோடு வந்து, இறந்தவர் எனக்கு நிகரான கையுடையவர் என்று சொன்னாலே எவ்வளவோ மாறும். அப்படி ஒருவரைக் கூப்பிட வேண்டும் என்று வக்கீலுக்கும் தோன்றுவதில்லை, குடும்பத்துக்கும் தெரிவதில்லை.

இப்பொழுது 1808-ஆம் வருஷத்துக் கடைக்காரர் மனைவியை நினைத்துக்கொள்ள வேண்டும். கோர்வைத் தறி ஒருவரால் ஓடுவதில்லை. எதிர்ப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். தார் சுற்ற ஒருவர், பாவு புனைய ஒருவர். இவற்றைச் செய்கிறவர் பெரும்பாலும் நெசவாளரின் மனைவியே. சில வீடுகளில் அவரே தறியில் அமர்ந்து நெய்கிறார். ஆனால் சங்கப் புத்தகத்தில் புருஷன் பெயர் மட்டும். முதலாளியின் நோட்டில் புருஷன் பெயர் மட்டும். அந்த மனைவி சாலையைக் கடக்கும்போது வண்டி மோதி இறந்தால், மனுவில் அவருடைய தொழில் என்ன என்று எழுதுகிறார்கள்? வீட்டு வேலை! தறியும் அன்றோடு நின்றுவிடுகிறது. வீட்டின் வருமானமும் நின்றுவிடுகிறது. காகிதத்திலோ, அவர் ஒரு காசும் சம்பாதிக்காதவர். புருஷன் இறந்தால் அவர் சேலைக்கு வாங்கிய கூலி முழுவதும் அவருடையதே என்று வாதிக்கிறோம்; மனைவி இறந்தால் அக்கூலியில் அவர் பங்கு எவ்வளவு என்று கேட்க எவரும் இல்லை.

வீட்டு வேலைக்கே விலை உண்டு என்பதையும் நமது சுப்ரீம் கோர்ட்டு நெடுநாளாகச் சொல்லிவருகிறது. 1989 மார்ச்சில் ஜாம்ஷெட்பூரில் ஒரு விழாப் பந்தல் தீப்பற்றிப் பலர் மாண்டார்கள். சாலை விபத்து அல்லவாயினும், 2001-ல் அவ்வழக்கில், இறந்த குடும்ப ஸ்திரீகளின் உழைப்பை மாதம் 3,000 ரூபாயாக மதித்தது கோர்ட்டு. 2021 ஜனவரியில் டில்லி விபத்து ஒன்றில், ஜஸ்டிஸ் என். வி. ரமணா இவ்விஷயத்தைத் தனியாகவே எழுதினார். கூலியில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாள் ஒன்றுக்கு 299 நிமிஷமும் ஆண்கள் 97 நிமிஷமும் செலவிடுகிறார்கள் என்று சர்க்கார் 2019-ல் எடுத்த கணக்கை அவர் எடுத்துக் காட்டினார். வீட்டு வேலைக்கு இவ்வளவு மதிப்பு என்றால், வீட்டு வேலையோடு தறி வேலையையும் செய்தவருக்கு இரண்டும் சேர்ந்த மதிப்பல்லவா கிடைக்க வேண்டும்? 2019-20-ஆம் வருஷத்துக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டுக் கைத்தறித் தொழிலாளர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள். அப்படியிருந்தும் ஒரு நெசவாளர் வீட்டு ஸ்திரீ இறந்தால் குடும்பத்தார் மனுவில் தாமாகவே அவரைத் தொழில் இல்லாதவர் என்று எழுதிக் கையொப்பமிடுகிறார்கள்.

காலக்கெடு விஷயத்தில் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 1988-ஆம் வருஷத்துச் சட்டத்தில் ஆறு மாதக் கெடு இருந்தது. 1994-ல் அதை எடுத்துவிட்டார்கள். 2019-ல் செய்த திருத்தத்தினால், 2022 ஏப்ரல் 1-ந் தேதி முதல், அது திரும்பி வந்திருக்கிறது. இதை எதிர்த்து வழக்குகள் நடக்கின்றன. கெடு தாண்டியது என்ற காரணத்தைக் காட்டி மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. ஆனால் இடைக்கால உத்தரவை நம்பி எவரும் தூங்கக் கூடாது. இறந்தவருக்குக் காரியம் முடிந்து, மனைவி வெளியே தலைகாட்டுவதற்குள் இரண்டு மூன்று மாதம் போய்விடும். ஆறு மாதம் என்பது துக்க வீட்டுக்கு மிகக் குறுகிய காலம். மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதும் இல்லை. கிருஷ்ணகிரியில் விபத்து நடந்தாலும், காஞ்சியில் வசிக்கும் குடும்பம் தன் எல்லைக்குட்பட்ட டிரிப்யூனலிலேயே போடலாம். போலீஸாருக்கும் கடமை உண்டு. 2022 ஏப்ரல் முதல் அமலிலுள்ள விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும், 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கையும் அவர்கள் டிரிப்யூனலுக்கு அனுப்ப வேண்டும். குடும்பத்தாருக்கு அவர்கள் உரிமைகளை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். 2022 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு இதை வற்புறுத்தியிருக்கிறது. அந்தத் தாளைக் கேட்டு வாங்கும் தைரியம் ஒரு விதவைக்குத் தனியாக வருமா?

மோதிய வண்டி நிற்காமல் ஓடிவிட்டால் எல்லாம் போயிற்று என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அப்படியில்லை. அத்தகைய மரணத்துக்கு இப்பொழுது 2,00,000 ரூபாய் உண்டு. தாசில்தாரிடமோ கோட்டாட்சியரிடமோ மனுக் கொடுக்க வேண்டும். கோயம்புத்தூர் எலும்பு வைத்தியர் டாக்டர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், இந்த உரிமையைக் குடும்பத்தாருக்குப் போலீஸாரே தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் உத்தரவாகியிருக்கிறது. டிரைவரிடம் சரியான லைசென்ஸ் இல்லை என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரித்தாலும் பயப்பட வேண்டுவதில்லை. முதலில் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள் என்று 2004-ஆம் வருஷத்துத் தீர்ப்பு வழி காட்டுகிறது. ஆனால் சரக்கு வண்டியில் கூலியில்லாமல் ஏறிப் போனவர்களுக்கு இன்ஷூரன்ஸ் பொறுப்பில்லை என்பது 2002-ஆம் வருஷத்து முடிவு. திருவிழாவுக்கும் நிச்சயதார்த்தத்துக்கும் லோடு வண்டியில் நின்றுகொண்டு போகிற நம் ஜனங்கள் இதை அறிந்திருந்தால் பாதிப் பேர் இறங்கிவிடுவார்கள்.

நமது அரசியல் தொண்டர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லித்தான் ஆகவேண்டும். சாலையில் ஒருவர் இறந்தால் அவர்கள் உடனே திரண்டு வருகிறார்கள். மறியல் செய்கிறார்கள். வேகத்தடை வேண்டும், நிவாரணம் வேண்டும் என்று கோஷமிடுகிறார்கள். முதலமைச்சர் நிவாரண நிதியிலிருந்து ஒரு தொகை வருகிறது. அதைக் கொடுக்கும்போது படம் எடுக்கிறார்கள். மறியல் கூடாது என்று நாம் சொல்லவில்லை. பல இடங்களில் வேகத்தடை வந்ததே மறியலால்தான். ஆனால் நிவாரணம் கருணையினால் வருவது. நஷ்டஈடு உரிமையினால் வருவது. கருணைக்காக ஒரு நாள் முழுவதும் சாலையில் உட்காருகிறவர்கள், உரிமைக்காக ஒரு மணி நேரம் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறார்களா? சங்கப் புத்தகம், நெசவாளர் அடையாள அட்டை, பாங்கிப் புத்தகம், பட்டும் ஜரிகையும் எடுத்த சீட்டுக்கள், குழந்தைகளின் பள்ளிக்கூடக் கட்டண ரசீது, வீட்டு வாடகைச் சீட்டு: இவை ஒவ்வொன்றும் மாத வருமானத்துக்குச் சாட்சி. துக்க வீட்டைப் பெருக்கி ஒழுங்கு செய்கிறபோது இவைதாம் முதலில் குப்பைக்குப் போகின்றன.

நமது வக்கீல் சமூகமும் தப்ப முடியாது; நாமும் அச்சமூகத்தினராகையால் உரிமையோடு சொல்லுகிறோம். சடலம் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வருமுன்பே தரகர் வந்து நிற்கும் வழக்கம் நாட்டில் உண்டு. கிடைக்கும் தொகையில் இத்தனை பங்கு என்று பேசுவதை வக்கீல்களுக்குரிய விதிகள் வெளிப்படையாகவே தடை செய்கின்றன. பங்கு பேசுகிறவருக்கு வழக்குச் சீக்கிரம் முடிந்தால் லாபம். தறிக்காரரைச் சாட்சிக்கு அழைத்து, சங்கக் காரியதரிசியை வரவழைத்து, மாத வருமானத்தை நிலைநாட்டுவதற்கு அவருக்குப் பொழுது இராது. லோக் அதாலத்தில் பாதித் தொகைக்கு முடித்துவிடுவார். உத்தரப் பிரதேசத்தில் போலிக் கோரிக்கைகள் பெருகியதைச் சுப்ரீம் கோர்ட்டே 2021-ல் விசாரித்தது. ஒருவன் செய்யும் போலியினால் நூறு உண்மை வழக்குகளைக் கம்பெனிகள் சந்தேகக் கண்ணோடு பார்க்கின்றன. அரசுப் பஸ் மோதியதானால் வேறொரு சங்கடம்: போக்குவரத்துக் கழகங்கள் இன்ஷூரன்ஸிலிருந்து விலக்குப் பெற்றவை. தீர்ப்பான பணத்தைக் கட்டாமையால் கோர்ட்டு அமீனா பஸ் நிலையத்துக்கு வந்து, பிரயாணிகளை இறக்கிவிட்டு, பஸ்ஸை ஜப்தி செய்யும் காட்சியைத் தமிழ்நாட்டில் பார்க்காத ஊர் குறைவு. சர்க்காரே கடனைக் கட்டாமல் பஸ்ஸைப் பறிகொடுப்பது சர்க்காருக்கு அழகாகாது.

நஷ்டஈட்டுப் பணம் வந்த பிறகும் அபாயம் தீருவதில்லை. சுப்ரீம் கோர்ட்டு, மைனர்களின் பங்கையும் எழுத்தறியாதவர்களின் பங்கையும் பாங்கியில் நீண்டகால டெபாசிட்டில் போடும்படி விதிமுறை வகுத்தது. உறவினர் கடன் கேட்பார்கள், முதலாளி முன்பணத்தைக் கழித்துக்கொள்ளப் பார்ப்பார், மாமனார் வீட்டார் ஒரு பக்கம், பிறந்த வீட்டார் ஒரு பக்கம். டெபாசிட்டை உடைக்கும்படி விதவையைத் தூண்டுகிறவர்களிடமிருந்து அவளைக் காப்பதும் தொண்டர்களின் வேலையே.

ஆனால் இவை பின்வரும் வேலைகள். முதல் வேலை, கணக்கின் தலையிலுள்ள அந்த எண். கைத்தறி இலாகாவும் பட்டுச் சங்கங்களும் கூடி, ஒவ்வொரு தறிக்கும் வருஷத்துக்கு ஒரு முறை ஒரு சீட்டுக் கொடுக்க வேண்டும்: இந்தத் தறியில் இவ்வருஷம் இத்தனை சேலை இறங்கின, இவ்வளவு கூலி கொடுக்கப்பட்டது என்று. தனி முதலாளிக்கு நெய்கிறவர்களுக்கும் இலாகா அதிகாரியே தறியைப் பார்த்து எழுதித் தரலாம். முதலாளியின் புத்தகத்தைத் திறக்க வேண்டிய அவசியமே இராது. அந்தச் சீட்டில் இரண்டு பெயர் இருக்க வேண்டும், தறிக்கு இந்தப் பக்கம் உட்காருகிறவருடையதும் அந்தப் பக்கம் உட்காருகிறவருடையதும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை, பெரிய செலவும் இல்லை. வரப்போகும் சங்கப் பொதுக்கூட்டங்களில் யாராவது எழுந்து பிரேரேபித்தால் போதும்.